முறையீட்டுக்கு ஒரு விலாசம்

கடை ஷட்டரை நெம்பித் திறந்தது 2023 டிசம்பர் 21, வியாழக்கிழமை காலையில். அடியில் சேறு இறுகிக் கிடந்ததால் கடப்பாரையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. முதலில் வெளியே வந்தது வாடை. ஊறிப் புளித்த அரிசி, வத்தல், சோப்பு, செத்த எலி எல்லாம் கலந்த வாடை. அப்புறம்தான் கண் பழகியது. உளுந்து ஊதிப்போய்ச் சாக்கைக் கிழித்துக்கொண்டு நின்றது. குளியல் சோப்பெல்லாம் களியாகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. ஆனால் இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகாதது சீனி மூட்டைகள்தான். கிறிஸ்துமஸுக்கென்று இறக்கிய ஆறு மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. வாய்த்தையல் பிரியாமல், அடுக்கிய இடத்திலேயே, வெறும் சாக்குகளாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. 300 கிலோ சீனியைத் தின்றுவிட்டு, ஆறு சாக்கை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தது வெள்ளம்.

எனக்கு ஏரல் பக்கம், தாமிரபரணிக்கு அண்டின ஓர் ஊரில் பலசரக்குக் கடை. ஐயா காலத்துக் கடை. என் கைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் கோயில்காரர்கள், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபை. தாத்தா காலத்திலிருந்தே அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) அரிசி எங்கள் கடையிலிருந்துதான் போகும். கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே வசனக் காலண்டர், வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கடவுளை நம்புகிற ஆள் என்றுதான் நானும் என்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வரும்போதே மழை வலுத்துவிட்டது. எங்கள் பக்கம் மழை என்றால் யாரும் பயப்பட மாட்டோம். ‘பெய்யட்டும், குளம் பெருகட்டும்’ என்றுதான் பேச்சு. ராத்திரிக்குள் பேச்சு மாறிவிட்டது. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் என்று பிற்பாடு பேப்பரில் பார்த்தோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷத்து மழையைச் சேர்த்து அளந்தாலும் 95 வராது. மேலே அணைகளில் திறந்த தண்ணீர், வழியில் உடைந்த குளங்களின் தண்ணீர், தலைக்கு மேல் கொட்டிய தண்ணீர் எல்லாமாகச் சேர்ந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி எங்களைத் தேடி வந்தது. ஏரல் பாலத்தையே ஆறு அரித்துப் போட்டது என்றால் என் கடை எம்மாத்திரம்?

பக்கத்து வீட்டு மாடியில் மூன்று ராத்திரி இருந்தோம், 31 பேர். கரண்ட் இல்லை, போன் இல்லை. ஹெலிகாப்டரில் போட்ட பொட்டலங்களில் பாதி தண்ணீரில் விழுந்தன. அந்த மூன்று நாளில் யாரும் குறை பேசினதாக எனக்கு ஞாபகமே இல்லை. உயிர் பிழைக்கிற அவசரத்தில் குறை பேச நேரம் கிடையாது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அது தொடங்குகிறது.

என் கணக்கைச் சொல்கிறேன். கடையில் இருந்த சரக்கு நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் கூட. வழக்கமாக அவ்வளவு வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. முறுக்குக்கு மாவு, அதிரசத்துக்கு வெல்லம், முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு, மைதா, டால்டா, எண்ணெய் டின் என்று வருஷத்திலேயே பெரிய கொள்முதல் அதுதான். அதில் 2,80,000 ரூபாய் சரக்கு தூத்துக்குடி மொத்தக் கடையில் கடனாக எடுத்தது. ஜனவரி முதல் வாரம் கொடுப்பதாகப் பேச்சு.

அரசாங்கம் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தது. வாங்கினோம், உதவியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீனிச் சாக்கை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சேறு அள்ள வேண்டிய நாட்களில் நான் செய்த காரியம், டீக்கடையில் போய் உட்கார்ந்தது. அங்கே எல்லாருக்கும் ஒரே பேச்சு. அணையை யார் எப்போது திறந்தார்கள், எந்தத் தெருவுக்கு நிவாரணம் முதலில் போனது, எவன் வீட்டுக்கு இரண்டு பாய் கிடைத்தது, எவனுக்கு நனையாமலே 6,000 கிடைத்தது. காலை ஏழு மணிக்குப் போனால் ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பேன். எழுந்து வரும்போது ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வருவது மாதிரி களைப்பாக இருக்கும். அதுதான் விசித்திரம். மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன், உடம்பு வலிக்கும்.

கோயிலிலும் அப்படித்தான். 23-ம் தேதி எல்லாரும் சேர்ந்து கோயிலைக் கழுவினார்கள். நான் ஒரு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘ஆண்டவர் தன்னோட ஆலயத்தையே காப்பாத்திக்கிடல, நம்மள எங்க காப்பாத்தப் போறார்’ என்று ஒரு வாலிபப் பையனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். எனக்கு அது ஒரு கெட்டிக்காரப் பேச்சாகத் தெரிந்தது. அன்றைக்கே அதை இன்னும் நாலு பேரிடம் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் குருவானவர் (எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) வேதாகமத்தில் ஆபகூக் புஸ்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற பகுதி. வழக்கமாக அறுப்பின் பண்டிகையில் கேட்கிற வசனம், கேட்க இனிமையாக இருக்கும். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் இருந்தவருக்கு நிஜமாகவே தொழுவத்தில் மாடு இல்லை. இரண்டு பசுவும் கயிற்றோடு போய்விட்டன. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஐயர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ‘இந்தப் புஸ்தகத்துக்கு முதல் அதிகாரமும் இருக்கு. எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேட்காம இருக்கீரேன்னுதான் அந்த மனுஷன் ஆரம்பிக்கிறார். நான் இன்னைக்கு அதை வாசிச்சிருக்கணும்’ என்று சொல்லிப் பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். வெளியே போய் அந்த மாட்டுக்காரர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்து அவர் செய்த நல்ல பிரசங்கம் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அதுவும் எனக்குக் குறை பேசத்தான் உதவியது. ‘ஐயருக்கே பேச்சு வரல பாத்தீங்களா’ என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இனி நான் எப்படி விழித்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். தரிசனமோ கனவோ ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்ட ஒரு கேள்விதான்.

வங்கியில் கடைக்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வாங்கியிருந்ததால் சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் சர்வேயர் வந்தார். ‘தண்ணி எத்தனை அடி நின்னுச்சு, எப்ப வடிஞ்சுது, தேதி வாரியா சொல்லுங்க’ என்றார். எனக்கு நாள் எல்லாம் குழம்பிப் போயிருந்தது. மும்பையில் இருக்கிற தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அன்றன்றைக்குப் பேசி அனுப்பியது ஞாபகம் வந்தது. அதைக் கேட்டால் தேதி கிடைத்துவிடும் என்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். 17 குரல் செய்திகள். டிசம்பர் 22-லிருந்து ஜனவரி 9 வரை.

நம் குரலை நாமே கேட்பது எப்போதுமே கொஞ்சம் சங்கடம். இது அதைவிட மோசம். 17-ல் பன்னிரண்டு, ‘நமக்கு மட்டும் ஏம்ல இப்படி’ என்று ஒரே மாதிரி ஆரம்பித்தன. தேதி மாறுகிறது, பேச்சு மாறவில்லை. 22-ம் தேதி சொன்னதையே 9-ம் தேதியும் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் ஜோடித்துச் சொல்கிறேன். முதல் செய்தியில் ஐந்தடி நின்ற தண்ணீர், ஆறாவதில் ஏழடியாகிவிட்டது. இது போதாதென்று, ஒவ்வொன்றிலும் என் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... என்று. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ கேட்கும்போதுதான் தெரிந்தது, அது சிமெண்டுத் தரையில் மண்வெட்டி இழுபடுகிற சத்தம். என் சம்சாரம் சேறு வழிக்கிறாள். நான் வாசலில் நின்று நம் கஷ்டத்தைப்பற்றித் தம்பிக்கு நாலு நிமிஷம் பேசுகிறேன். அந்த நாலு நிமிஷமும் அவள் வழித்துக்கொண்டே இருக்கிறாள். 17 செய்திகளில் பதினொன்றில் அந்தச் சத்தம் இருந்தது.

அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். போன் சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டில் நனையாமல் தப்பியது மாடியில் இருந்த பழைய வேதாகமம் ஒன்றுதான். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் முறுமுறுத்த கதை சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனாலும் எடுத்து உட்கார்ந்து எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தை வாசித்தேன். அதில் ஜனங்கள், எகிப்தில் சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் கீரையையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். ஒரு பலசரக்குக் கடைக்காரனுக்கு அது அச்சு அசல் சிட்டை மாதிரியே இருக்கும். நான் சீனி மூட்டையை எண்ணினது போல அவர்கள் பூண்டை எண்ணுகிறார்கள். அடிமையாகச் செங்கல் சுமந்தது சிட்டையில் இல்லை. குறை பேசுகிற புத்தி எப்போதும் அப்படித்தான், பழைய நாளின் வரவுப் பக்கத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுகிற விஷயம்தான். எனக்குப் புதிதாகப் பட்டது அடுத்த சில வசனங்கள். அதே அதிகாரத்தில் மோசேயும் குறை சொல்கிறார். சாதாரணமாக இல்லை, கடுமையாக. இந்த ஜனத்தை நானா பெற்றேன், என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இப்படிச் செய்வதாக இருந்தால் என்னைக் கொன்றுபோடும் என்கிற அளவுக்குப் பேசுகிறார். நான் கோயில் வாசலில் வாளியைப் பிடித்துக்கொண்டு பேசினதைவிட அது பெரிய பேச்சு. ஆனால் ஆண்டவருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. 70 மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தை அவர்களும் சேர்ந்து சுமக்கட்டும் என்று பதில் வருகிறது.

ஒரே அதிகாரம், ஒரே வனாந்தரம், இரண்டு புகார். எதில் வித்தியாசம்? ஜனங்கள் தங்கள் தங்கள் கூடார வாசலில் நின்று அழுதார்கள். அடுத்த கூடாரத்துக்காரனுக்குக் கேட்கும்படி. மோசே நேரே ஆண்டவரிடமே போய்ச் சொன்னார். நம் தமிழில் இதற்கு இரண்டு வார்த்தை இருக்கிறது: முறுமுறுப்பு, முறையீடு. கேட்க ஒரே குடும்பத்து வார்த்தைகள் மாதிரி இருக்கும். ஆனால் முறையீடு என்றால் அதற்கு ஒரு விலாசம் உண்டு; இன்னாரிடம் என்று எழுதாமல் மனு கிடையாது. முறுமுறுப்பு விலாசம் எழுதாத கடுதாசி. ஊரெல்லாம் சுற்றும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது. என் 17 குரல் செய்தியும் அந்த வகைதான். ஆண்டவரைப்பற்றி ஊரெல்லாம் பேசினேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டரை மணி ஜெபத்தில்கூட வழக்கம்போல ‘இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சம்சாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், மண்வெட்டிச் சத்தம் உட்பட. அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ‘நாப்பது தடவையாவது உங்கள கூப்பிட்டிருப்பேன், நீங்க போன்லயே நின்னிய’ என்றாள். அன்றைக்கு ஜெபத்தில் முதல்முறையாகப் பச்சையாகப் பேசினேன். கடன் தொகையைச் சொன்னேன். உம்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது என்று சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் கழித்து இந்த மழையைப் பெய்யவைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். பக்கத்தில் அவள் அழுதாள். எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் காலையில் ஆறு மணிக்கே மண்வெட்டியைத் தேடினேன்.

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் முணுமுணுக்கத் தொடங்கினால் அவள் கேட்பாள், ‘இத யார்ட்ட சொல்லுதீங்க?’ அவள் ஆரம்பித்தால் நான் கேட்பேன். பதில் சொல்ல முடிந்தால் அது முறையீடு. சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். இதைக் கடவுள் விஷயத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இது அதிகம் உதவியது மற்ற இடங்களில்தான்.

மொத்தக் கடை முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரம் கொடுக்க வேண்டிய பணம். அவர் நம்பர் வந்தாலே எடுக்க மாட்டேன். அவரைப்பற்றி டீக்கடையில், ‘வெள்ளத்துல செத்தோமா இருக்கோமான்னு கேக்க நாதியில்ல, பணத்துக்கு மட்டும் போன் போடுதான்’ என்று பேசிக்கொண்டிருந்தேன். விலாசம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, பஸ் ஏறி நேரே போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். போனில் எடுத்திருந்த சீனிச் சாக்குப் படத்தைக் காட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். ‘நான் போன் போட்டது துட்டுக்கு இல்ல அண்ணாச்சி, எப்படி இருக்கீகன்னு கேக்கத்தான்’ என்றார். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. வியாபாரி நாக்கு வியாபாரிக்குத் தெரியும். ஆனால் மாசம் 10,000 வீதம் கொடுங்கள் என்று சொன்னார், வட்டி பேசவில்லை. மூன்று வாரம் போனை எடுக்காமல் இருந்த காலத்தில் நான் இன்னொருவரிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கி இந்தக் கடனை அடைப்பதாக இருந்தேன். கந்துவட்டியின் லட்சணம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முறுமுறுத்துக்கொண்டிருக்கிற மனசுக்கு ஒரு குணம் உண்டு: உலகமே தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அது நினைக்கும். அந்த நினைப்பில் எடுக்கிற முடிவெல்லாம் வீம்பு முடிவாக இருக்கும். கஷ்ட காலத்தில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், குறை பேசி முடித்த கையோடு எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வாடை தாங்காமல் முதல் இரண்டு நாளிலேயே பாதிச் சரக்கை டிராக்டரில் ஏற்றிக் கொட்டிவிட்டேன். நல்லவேளை, மகள் போனில் கொஞ்சம் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தில் இல்லாத சரக்கை அவர்கள் ஏற்கவில்லை. கடைசியில் வந்த தொகை, போன சரக்கில் பாதிகூட இல்லை. ஆகவே எதையும் அள்ளிப் போடுவதற்கு முன்னால் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், அப்புறம் கொட்டுங்கள். கொள்முதல் பில் நனைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், மொத்தக் கடைக்காரர்களின் கம்ப்யூட்டரில் இருக்கும். கேட்டால் மறுபடி எடுத்துத் தருவார்கள். இன்சூரன்ஸே இல்லாதவர்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். கடவுளை நம்புகிறவனுக்கு இன்சூரன்ஸ் எதற்கு என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அவர் மோட்டார் சைக்கிளைப் பூட்டிவிட்டுத்தான் கோயிலுக்குள் வந்திருந்தார்.

அதுபோல, ‘விசுவாசி மனு கொடுக்கலாமா, எல்லாத்தையும் ஆண்டவர்ட்ட விட்டுரணும்’ என்று சொல்லுகிறவர்களும் உண்டு. எங்கள் தெருவில் நிவாரணம் விட்டுப்போன ஏழு குடும்பங்களுக்காகத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். பெயர், ரேஷன் கார்டு நம்பர், வீட்டுப் படம் எல்லாம் வைத்து ஒரு பக்கத்தில் மனு. ஐந்து குடும்பங்களுக்கு வந்தது. டீக்கடையில் மூன்று வாரம் பேசியதில் ஒருத்தருக்கும் வரவில்லை. இயேசு சொன்ன கதையில், நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லையே.

பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர், ஏரலில் கோயில் கொண்டிருக்கிற சேர்மன் அருணாசல சுவாமியின் பக்தர். தை அமாவாசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்குத் தேங்காய் கொடுத்தார். ‘என்ன வேண்டினீங்க’ என்று கேட்டேன். ‘வேண்ட எங்க, சண்டைதான் போட்டுட்டு வந்தேன்’ என்றார். அவர் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அவர் சொன்னது நன்றாகப் புரிந்தது.

கடையை மறுபடி தொடங்கினது 8,000 ரூபாயில். ஷெல்ஃப் எல்லாம் ஊறிப் பெயர்ந்துவிட்டதால் வீட்டு மேஜையை வாசலில் போட்டேன். பிளீச்சிங் பவுடர், பினாயில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, துடைப்பம், டீத்தூள், பிஸ்கட். அந்த நேரத்தில் ஊருக்குத் தேவைப்பட்டது அதுதான். தினமும் காலையில் வாங்கி, ராத்திரிக்குள் விற்று, மறுநாளுக்கு அதே பணத்தில் வாங்குவது. வனாந்தரத்தில் அன்றன்றைக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவை மறுநாளுக்கு வைத்தால் புழுத்து நாறும் என்று ஞாயிறு பள்ளியில் படிப்பார்கள். நாலரை லட்சம் சரக்கு நாறினதை மூக்கால் அனுபவித்தவனுக்கு அந்தக் கதை வேறு மாதிரி படும். நம்பிக்கை என்றால் பெரிய விஷயம் ஏதோ என்று நினைத்திருந்தேன். எனக்கு அது நாளைக்கு எட்டு பாக்கெட் டீத்தூளுக்கு மேல் வாங்காமல் இருப்பதாகத்தான் வந்தது. அடுத்த மாசத்தைப்பற்றி யோசிக்கத் தொடங்கினால் கை நடுங்கும். நாளைக் காலையைப்பற்றி மட்டும் யோசித்தால் நடுங்காது.

கடன் நோட்டுக் கதை ஒன்று இருக்கிறது. ஊரார் பாக்கி எழுதுகிற நோட்டு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஃபேனுக்கு அடியில் பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் பேப்பர் வைத்துக் காயவைத்தோம். நான் சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் எழுதினது எல்லாம் பிழைத்துவிட்டது. மகன் ஜெல் பேனாவில் எழுதினது நீலக் கறையாகிப்போனது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அவன் எழுதினதுதான் அதிகம். அறுபதாயிரத்துக்குக் குறையாது. (ஜெல் பேனாவைக் கடையில் விற்கிறேன், கணக்கு எழுத விடமாட்டேன்.) யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது, அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான் நின்றது.

பிப்ரவரியில் ஒரு மதினி வந்தார். பீடி சுற்றுகிறவர். ‘அண்ணாச்சி, என் கணக்கு 2,340. நோட்டு நனஞ்சிட்டுன்னு சொன்னாவ. ஒரேயடியா தர முடியாது, எழுதிக்கிடுங்க’ என்றார். அந்த மாதிரி பதினான்கு பேர் தாங்களாக வந்து சொன்னார்கள். சொல்லாதவர்கள் அதைவிட அதிகம். நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவர், என் கணக்குப்படி ஒன்பதாயிரத்துக்கு மேல் பாக்கி, இன்றைக்கும் ரோட்டின் அந்தப் பக்கமாகவே போகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். ‘யார்ட்ட சொல்லுதீங்க’ என்ற குரல் காதில் விழும். ஒருநாள் அவரிடமே நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறேன், இன்னும் தைரியம் வரவில்லை.

சாட்சி சொல்லுகிற கூட்டங்களில் எல்லாக் கதையும் யோபுவின் கடைசி அதிகாரம் மாதிரி முடியும்; போனதெல்லாம் இரட்டிப்பாக வந்தது என்று. என் கதை அப்படி இல்லை. மொத்தக் கடை பாக்கியை அடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டோம், அப்படியேதான் நடந்தது. சம்சாரத்தின் ஆறு பவுன் வங்கிக்குப் போனது, இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கடை முன்னைவிடச் சின்னதாக இருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த சிலர் ‘எல்லாம் நன்மைக்கே’ என்றபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. அந்த மாட்டுக்காரரிடம் போய் அதை யாராவது சொல்லிப் பார்க்கட்டும். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

ஆனால் அந்த 70 பேர் விஷயம் மட்டும் எனக்கு நடந்தது என்று சொல்லலாம். வெள்ளத்து ராத்திரியில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது எல்லாரும் அறிந்த செய்தி, ஏறக்குறைய 800 பயணிகள். அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட பக்கத்து ஊர்க்காரர்களும் வெள்ளத்தில்தான் இருந்தார்கள். அந்த மாதிரிதான் இங்கேயும். சுவரை இரும்புக்கடைக்காரர் ஆள் வைத்துப் பூசிக் கொடுத்தார். கோயில் வாலிபர்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சேறு அள்ளினார்கள், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு கெட்டிக்காரத்தனம் பேசிய அந்தப் பையனும் அதில் இருந்தான். இவர்கள் எல்லாரும் முன்பே அங்கேதான் இருந்தார்கள். எனக்கு வாய் ஓயாததால் கண் தெரியவில்லை. இன்னது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

2024 டிசம்பர் 12-ம் தேதி மறுபடியும் மழை பிடித்தது. ராத்திரி ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் சத்தம். இந்தத் தடவை சரக்கை எல்லாம் பழைய தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் கிறிஸ்துமஸ் சீனி இரண்டு மூட்டை அன்று மதியம்தான் வந்து தரையில் இறங்கியிருந்தது. கரண்ட் போய்விட்டது. நானும் சம்சாரமும் கடைக்கு ஓடினோம். ஷட்டரைத் தூக்கும்போதே எனக்கு அடிவயிறு கலங்கியது. ‘போன வருஷம் போனது போதாதா, இந்த வருஷமும் நாங்கதான் கெடச்சமா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இருட்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள். ‘யார்ட்ட சொல்லுதீங்க?’

‘அவர்ட்டதான்.’

‘அப்பஞ் சரி. சொல்லிக்கிட்டே அந்த மூட்டையோட அந்த முனையப் பிடிங்க.’